உறையாத ஆண்டு

இரவுப் பணிக்கு இப்போது ஒரே நாற்காலி.
முன்பு ஆறு. ஆறு பேர் காதிலும் ஓயாத மணி:
எந்தக் கோபுரம் படுத்தது,
எந்த அலைவரிசையில் நெரிசல்,
யாருடைய அழைப்பு பாதியில் அறுந்தது.
இன்றைக்கு வலையமைப்பே
தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கிறது.
ஆளில்லாத இடத்துக் கோபுரங்களை உறங்க வைக்கிறது,
வடக்கு ரயில் வருமுன் எழுப்பிவிடுகிறது.
ஊலு நகரத்துத் தைமி லெஹ்டொவாராவுக்கு மிஞ்சியது
ஒரு திரை, ஒரு குடுவைக் காப்பி,
‘ரத்து’ என்றொரு பொத்தான்.
பதினான்கு மாதமாய் அவள் அதைத் தொட்டதில்லை.

பிப்ரவரி ஐந்து, இரவு ஒன்றரை.
துறைமுகத்துப் பதினேழாம் கோபுரம் முகம் திருப்பியது.
இரும்பு அசையவில்லை, அலை மட்டும்
தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப் போல
படகுத்துறையை விட்டுக்
கடலின் பக்கம்.

கடலில் யாருமில்லை.

ஏன் என்று கேட்டாள்.
சென்ற நான்கு குளிர்காலங்களில் இதே வாரம்
அங்கே நானூறு கைபேசிகள் இருந்தன
என்றது திரை.

இருந்தனதான்.
தீவுக்குப் பனிப்பாதை திறந்த வருடங்கள் அவை.
கடலின் மேல் கார் ஓட்டிப் போவார்கள்.
துளையிட்டுத் தூண்டில் இறக்கி
மடக்கு நாற்காலியில் குந்தியபடி
வீட்டுக்குப் பேசுவார்கள்
‘இன்னும் ஒன்றும் மாட்டவில்லை’ என்று.
அந்தப் பேச்சு கோபுரத்துக்குத் தெரியாது.
பேசிய இடம் தெரியும், நேரம் தெரியும்.
பனி என்ற சொல் தெரியாது.

இந்த ஆண்டு கடல் உறையவில்லை.

இலவு காத்த கிளி என்று எழுதிவிடலாம்;
அந்த ஊரில் இலவமுமில்லை, கிளியுமில்லை.
கருநீரைப் பார்த்து ஒரு கோபுரம்
முழுக் காதையும் கொடுத்து நின்றது,
அவ்வளவுதான்.

படகு வரிசையில் லாரியோடு மாட்டிக்கொண்ட ஒஸ்மோ
மகளின் முகம் திரையில் உறைந்துபோக
புகார் எழுதினான்:
‘உங்கள் கோபுரம் மீன்களுக்கா வேலை பார்க்கிறது?’

தைமி பொத்தானில் விரல் வைத்தாள்.
எடுத்தாள்.
யாராவது ஒரு முட்டாள்
போன வருடத் துணிச்சலோடு
கரையோர மெல்லிய பனியில் இறங்கினால்?

ஆறாம் நாள் அவளுக்கு விடுமுறை.
ஏழாம் இரவு பதிவேட்டைப் புரட்டினாள்.
கடல் பகுதி, நேற்று மாலை நான்கு மணி,
பயனர்: ஒன்று.
கரையிலிருந்து நாற்பது மீட்டர் போய்
நின்று,
திரும்பியிருக்கிறது அந்தப் புள்ளி.
நம்பிக்கை அளவு சற்றே உயர்த்தப்பட்டது.
காத்திருப்பு இரண்டு நாள் நீட்டிக்கப்பட்டது.

அந்த எண் அவளுடையது.
காலடியில் பனி ‘க்ரக்’ என்ற ஒலி
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒன்பதாம் இரவு, நான்கு பத்துக்கு,
யாரும் சொல்லாமலே
கோபுரம் படகுத்துறைக்குத் திரும்பியது.
‘பயனர் இல்லை. கணிப்பு திருத்தப்பட்டது.’
எங்கோ ஒரு லாரியில்
ஒரு பெண்குழந்தை மறுபடி அசைந்து
நாக்கை நீட்டிக் காட்டியிருக்கும்.

தைமி ஆறிய காப்பியைக் குடித்தாள்.
பனி உடைந்து விழுந்தால்
விளிம்பைக் குத்திப் பற்றி ஏற
மீன்பிடிப்பவர்கள் கழுத்தில் மாட்டுகிற
அந்த இரண்டு ஆணிகள்
கயிற்றில் கோத்தபடி
அவளுடைய கம்பளிச் சட்டைக்குள்
இன்னும்.