பாலத்தடியில்

காலை ஆறரை. பூன் லே பல்மாடிக் கார்நிறுத்தம்.
நாற்பத்து மூன்று பைக்குகள்.
எனக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை,
எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது.
'டேமியின் வீட்டுக்காரர்' என்று
கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள்.
பதினெட்டு வருடம் தமயந்தி என்றே கூப்பிட்டவனுக்கு
டேமி யாரென்று பிடிபடச்
சற்று நேரம் ஆனது.

பூன் கியாட் விதிகளைச் சொன்னார்:
எட்டெட்டுப் பேராகத்தான் போகணும்.
ஹாரன் கூடாது. சாகசம் கூடாது. இடது தடம்.
மூடியில் துளையிட்ட பிஸ்கட் டின்தான் உண்டியல்;
சேருகிற பணம்
சாலையில் போனவர்களின் பிள்ளைகளுக்கு.
ஐம்பது வெள்ளித் தாளைப் போட்டேன்.
விழுந்த சத்தமே இல்லை.

தலையில் இருப்பது
எனக்கென்று அவள் வாங்கிவைத்த ஹெல்மெட்.
ஆறு வருடம் செருப்பு அலமாரிக்கு மேலே கிடந்தது.
எம்ஆர்டி இருக்கும்போது இது எதுக்கு என்பேன்.
கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை
இன்று காலைதான் உரித்தேன்.

அஷிகின் என் தாடைக்குக் கீழே வாரை மாட்டிவிட்டாள்.
'நான் சாயுற பக்கமே சாயுங்க, அங்கிள்.
எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா ரெண்டு பேரும் விழுவோம்.'
கல்யாணத்துக்கு முன்னால்
யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

தீவு விரைவுச்சாலையில் ஏறினோம்.
ஜூரோங் தாண்டும்வரை கொக்கோ வாசனை.
அவள் சட்டையில் எப்போதாவது அது வரும்.
விமான நிலையச் சரக்குக் கிடங்கில்
எதையோ உடைத்துத் தின்றிருப்பாள்
என்று நினைத்திருந்தேன்.
தினமும் இந்த நாற்பது கிலோமீட்டர்.
போக, வர.

புக்கிட் தீமா நெருங்கும்போது மழை.
நினைவஞ்சலி என்று அது ஒதுங்கவில்லை;
நாங்கள்தான் ஒதுங்கினோம், மேம்பாலத்துக்கு அடியில்.
ஏற்கெனவே அங்கே ஆட்கள்:
சோற்றுப் பொட்டலத்தோடு பச்சைச் சட்டைக்காரர் இருவர்,
ஜொகூர் எண்பலகையோடு ஒருவர்,
ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருந்தார்.
ஒருவர் லைட்டர் நீட்டினார், இன்னொருவர் முறுக்கு.
தலைக்கு மேலே லாரிகள்
இடியைப் போலப் போய்க்கொண்டிருந்தன.

'பாலத்தடியில் நிற்கிறேன். மழை.
நீங்க சாப்பிட்டுடுங்க.'
எத்தனை தடவை அனுப்பியிருப்பாள்!
நான் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுச்
சோற்றைப் பிசைவேன்.
எந்தப் பாலம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

ஜொகூர்க்காரர் பைக்குகளின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு,
என் முகத்தையும் பார்த்து, தமிழிலேயே கேட்டார்:
'யாருண்ணே தவறிட்டாங்க?'
'என் மனைவி.'
ஏழு மாதமாகப் படிவங்களில் எழுதிவந்ததை
வாயால் சொன்னது அதுதான் முதல்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
ஜாக்கெட்டுக்கு உள்ளே துழாவி
'ரிங்கிட்தான் இருக்கு, பரவால்லையா?' என்று
பத்தை என் கையில் வைத்தார்.
உண்டியல் முன்குழுவோடு போய்விட்டிருந்தது.

மழை முழுக்க விடவில்லை, கிளம்பிவிட்டோம்.
யூனோஸ் வருமுன்
எட்டு பைக்கும் ஒன்றாக வேகம் குறைந்தன.
யாரும் கைகாட்டவில்லை.
சாலையில் வெள்ளைக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள்.
கண்ணை மூடிக்கொள்வதாகத்தான் இருந்தேன்,
அஷிகின் சாய்ந்தாள்,
சாய்ந்தேன்.

சாங்கி கடற்கரையில் நாசி லெமாக் கொடுத்தார்கள்.
அவளைக் கரைத்த தண்ணீர்
எதிரே சும்மா கிடந்தது,
ஒரு கப்பல் அதன்மேல் நகராமல் நின்றது.
யார் யாரோ டேமியைப் பற்றிச் சொன்னார்கள்.
மலாய் நன்றாகத் திட்டுவாளாம்.
பஞ்சர் ஒட்டக் காசு வாங்கமாட்டாளாம்.
நான் தலையாட்டினேன்,
எல்லாம் முன்பே தெரிந்தவன் மாதிரி.

'எப்படி வீட்டுக்குப் போவீங்க, அங்கிள்?'

பஸ் பிடித்தால் தானா மேரா, அங்கிருந்து எம்ஆர்டி என்று
வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது.
கை மட்டும் தாடைக்குக் கீழே
அந்த வாரின் முனையைத் தேடிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் பத்து ரிங்கிட்
இன்னும் ஈரமாக.