மூச்சைப் பிடிங்க

ஏற்காட்டில், ஏரியைத் தாண்டி,
காப்பிக்கொட்டை காயவைக்கும் கொட்டகையில்
முப்பத்தொரு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம்.
நடத்தியவர் ஞானசிகாமணி, மின்வாரியத்தில் வயர்மேன்.
"புருவ நடுவில் கடுகளவு வெளிச்சம்" என்றார்.
"அதை மெல்ல நெஞ்சுக்கு இறக்குங்கள்."
சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.
முதலில் சிரித்தது அவர்தான்.

எனக்குக் கடுகும் வரவில்லை.
வந்ததெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு,
பதினாலாவதில் யாரோ வாந்தி எடுத்த வாசனை,
பக்கத்தில் இருந்தவர் முழங்காலின் நறநறப்பு.
(கேட்டதுமே தெரியும். தேய்மானம், இடது கால்.)

இருபத்தாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்,
சேலம் பெரியாஸ்பத்திரியில்.
உடம்புக்குள் வெளிச்சம் அனுப்பத்தான் எனக்குச் சம்பளம்.
பிழைப்பே மூன்று சொல்:
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்வேன்.
எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"இப்போது உங்களை நோகடித்த ஒருவரை நினையுங்கள்.
அவர் மேலும் அதே வெளிச்சம் விழட்டும்."
மிளகுக்கொடியிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.
கூப்பிடாமலே வந்து நின்றான் குலசேகரன்.

கூடப் பிறந்தவன்.
அம்மாப்பேட்டை வீட்டுக்காக,
பக்கவாதத்தில் கிடந்த அப்பாவின் பெருவிரலைப் பிடித்து
மையில் அழுத்தியவன்.
ஒன்பது வருஷம், ஒரே ஊர், சில நாள் ஒரே பஸ்.
முகத்தைத் திருப்பிக்கொள்ள
இரண்டு பேருக்கும் நன்றாகவே பழகியிருந்தது.

போன ஐப்பசியில், டோக்கன் எழுபத்திரண்டு.
குரங்குச்சாவடியில் வண்டி சறுக்கி விழுந்த கேஸ்.
சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவன்
நிமிர்ந்தான்.
அந்த அறையில் பேச வேண்டியது மூன்று சொல்தான்,
நல்லவேளை.
இழுங்க, என்றேன். 'ங்க' போட்டுத்தான்.
பிடிங்க.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிடித்திருந்தேன்.
விடுங்க சொல்ல மறந்துபோனது.
முகம் சிவக்க, விடாமல் நின்றான்,
மூக்கனேரியில் முங்கிக்கொண்டு
யார் முதலில் தலை தூக்குவது என்று கட்டிய
பழைய பந்தயம் போல.
இருமல் வந்துதான் விட்டான்.

படத்தில் ஏழாவது விலா, மயிரிழை விரிசல்.
நடுவே இதயம், சற்றே மங்கலாக.
பார்க்கத் தெரியாதவர்கள்
வெள்ளையைத்தான் வெளிச்சம் என்பார்கள்.
ஒளி தடையில்லாமல் போன இடம் கறுப்பு.
போகவிடாமல் மறித்த இடம்தான் வெள்ளை:
எலும்பு, பல்லில் அடைத்த வெள்ளி,
பிள்ளைகள் விழுங்கிய ஐந்து ரூபாய்.

கொட்டகையில் அது ஞாபகம் வந்தது.
என் நெஞ்சை, முதல்முறையாக,
படம் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.
அங்கே ஒரு பெருவிரல் அளவுக்கு வெள்ளை.
ஒன்பது வருஷமாக அதை
இருட்டு என்றே நினைத்திருந்தேன்.

கரைக்கப் பார்க்கவில்லை.
எந்த எலும்பையும் நான் கரைத்ததில்லை.
இருக்கிற இடத்தைக் காட்டி அனுப்புவேன், அவ்வளவே.
இழுத்தேன். பிடித்தேன்.
'அவன் நலமாக இருக்கட்டும்' வாயில் வரவில்லை.
அவன் விலா கூடட்டும், என்றேன்.
அதுவரைக்கும் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில்
தலைவெட்டி முனியப்பன் கோயில்.
புத்தர்தான் என்று கோர்ட்டு வரை போய் வந்தவர்.
வெட்டுப்பட்ட தலையை
யாரோ, எப்போதோ, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.
நின்று பார்க்கவில்லை, பஸ் நிற்கவில்லை.
அந்த மாதிரிக் கழுத்துக்கு என் தொழிலில் எழுதுவது:
பழைய முறிவு. கூடியிருக்கிறது.

மறுநாள் எட்டு மணிக்கு டியூட்டி.
முதல் டோக்கன் ஒன்றரை வயசுப் பிள்ளை, சளி.
இழு, பிடி எதுவும் செல்லாது அதனிடம்.
வீறிட்டு அழுகிற பிள்ளைக்குப் படம் எடுக்க
ஒரே வழிதான் உண்டு:
ஓர் அழுகைக்கும் அடுத்ததற்கும் நடுவே
தானாக ஒரு மூச்சை உள்ளே இழுக்கும்.
காத்திருந்து
அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும்.