மூன்றாம் சனிக்கிழமை, புதுவயல்

ஞாயிறு பள்ளிப் படங்களைச்
சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு
நாற்காலியைப் போட்டோம்.
முடிவெட்டும் கடைக்காரர் சும்மா கொடுத்தது.
தலை சாயும் பலகைக்கு மட்டும்
டார்வின் புதுத் திருகாணி வாங்கிவந்திருந்தான்.

என் வேலை கொதிக்க வைப்பது.
பன்னிரண்டு லிட்டர் குக்கர்,
உள்ளே இடுக்கிகள், குச்சிக் கண்ணாடிகள், கொக்கிகள்.
முதல் விசிலுக்கே வரிசையில் ஒருவர் கேட்டார்:
"மத்தியானச் சாப்பாடும் உண்டா, தாயி?"

ஏழரைக்கு ஒரு சின்ன ஜெபம்.
கிருபாவதி டாக்டர் கண்ணை மூடியபடியே
கையுறைகளை எண்ணுவார் என்பது எனக்குத் தெரியும்.
எண்பது ஜோடி.
கேட்டுக்கு வெளியே நூற்றுப்பத்துப் பேர்.
ஆமென் வருவதற்குள் கணக்கு இடித்துவிடுகிறது.

சிலர் அட்டையை நீட்டுகிறார்கள்,
பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக.
"பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்கம்மா,
பல்லு இதுல வராதாம்."
அட்டையே இல்லாதவர்கள்
அதைக்கூடச் சொல்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

டோக்கன் இருபத்தேழு. சேவுகன்.
அரிசி ஆலையில் நெல் கடிப்பவர்.
லாரி நின்றதும் மூட்டையில் குத்தூசி போட்டு
நாலு மணியை வலது கடைவாயில் வைப்பார்.
டக்கென்றால் காய்ந்தது.
நசுங்கினால் இன்னும் ஒரு வெயில்.
ஆலையில் மீட்டரும் இருக்கிறதாம்.
முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு
இவர் முகத்தையும் பார்ப்பாராம்.

அந்த வலது பல்தான்
நெல்லோடு வந்த கல்லில் பிளந்திருந்தது.
நாலு மாதமாய்க் கிராம்பு, புகையிலை, சாராயம்.
"வலிய எடுத்துருங்க. பல்ல விட்டுருங்க."

டாக்டர் வெகுநேரம் உள்ளே பார்த்தார்.
காப்பாற்றலாம்:
மூன்று நடை, ஓர் எக்ஸ்ரே, மேலே ஓர் உறை,
காரைக்குடியில் ஏழாயிரம்.
எங்களிடம் இருப்பது இடுக்கி.
இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை.
தாழ்த்தியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

சேவுகன் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.
"இதுக்கு வேதத்துல சேரணுமா?"
"வாயத் தொறந்தாப் போதும்ணே."

ஊசி போட்டுப் பல்லை அசைக்கும் நேரம்
கரண்ட் போனது.
மின்வாரியத்தில் எழுத்தராய் இருக்கும் என்னை
அறையே திரும்பிப் பார்த்தது.
டார்வின் செல்போன் வெளிச்சத்தை
இரண்டு கையாலும் பிடித்தான்,
அசையாமல், திருவிருந்துக் கிண்ணத்தைப் பிடிப்பதுபோல.

வெளியே வந்ததும் பல்லைக் காகிதத்தில் கேட்டு வாங்கினார்.
பஞ்சைக் கடித்துக்கொண்டு வாசல் வரை போனவர்
வேட்டி மடிப்பிலிருந்து நெல் எடுத்து
இடது பக்கம் வைத்தார்.
முகத்தில் ஒன்றும் வரவில்லை.
பாதி உதட்டால் சொன்னார்:
"இந்தப் பக்கத்துக்குப் பாஷை தெரியல."

டாக்டர் ஓடிவந்து திட்டினார்.
திட்டிக்கொண்டே அந்த இடது வாயையும் பார்த்தவர்
சட்டென நிறுத்திவிட்டார்.
அங்கேயும் ஒரு கருப்பு, கடுகளவு.

மாலை ஐந்து மணி வரை
வேப்பமரத்தடியில் உட்காரவைத்தோம்.
டோக்கன்கள் தீர்ந்தன.
தீராதவர்களுக்கு அடுத்த மாதம் என்றோம்;
அவர்கள் தலையாட்டியது சம்மதம் இல்லை.
கடைசி ஜோடி கையுறை.
குப்பியின் அடியைச் சுரண்டி எடுத்த சிமெண்ட்.
கடுகை அடைத்தார்.

"நாளைக்கு வரைக்கும் இதுல எதையும் கடிக்காதீங்க."
"காலையில ரெண்டு லோடு வருதும்மா."

யாரும் பதில் சொல்லவில்லை.
குக்கர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் கட்டணம் என்ற பத்தியில்
எல்லோருக்கும் ஒரு கோடு போடுவேன்.
அவர் பெயருக்கு நேரே
நாலு நெல் கிடந்தது.
ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.
உமி நாக்கில் குத்தியதுதான் மிச்சம்.

வாங்க வேண்டியவை:
சிமெண்ட் இரண்டு குப்பி. கையுறை, முடிந்தால் நூற்றைம்பது.
குக்கருக்கு வாஷர்.