பதினான்காவது குப்பி

தரமணி, இரவு பதினொன்றேகால்.
ஏ.சி. சொட்டுக்கு அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

எண்ணெயில் இருந்தவரை
எர்பியம் பச்சையாய்ச் சிரித்தது.
தண்ணீரில் விட்டதும்
பால்போல் திரிந்தது.
குறிப்பேட்டில் அப்படி எழுத முடியாது;
‘திரட்சி, ஒளி இழப்பு’ என்றே எழுதினேன்
பதின்மூன்று முறை.

பேருக்குத்தான் அருமண்.
இந்த ஊரில் எது அரிது என்று
வேளச்சேரியில் மூன்றாம் மாடிக்குக்
குடம் தூக்கும் என்னைக் கேளுங்கள்.

இம்முறை துகளுக்குச் சட்டை தைத்தேன்,
சிலிக்காவில்,
நாலே நானோமீட்டர் தடிமன்.
ஒன்பது நாளாய்த் தண்ணீரில் கிடக்கிறது.
கண்ணுக்கெட்டாத சிவப்பைப் பாய்ச்சினால்
சில்லறை இரண்டை வாங்கிக்கொண்டு
ஒரே நோட்டாய்த் தரும் 5சி கண்டக்டர் மாதிரி
பச்சை தருகிறது.

மாதிரி எண் முப்பத்தொன்று.
யார் மார்பிலிருந்து வெட்டியதென்று
தாளில் இல்லை.
செல்லின் விளிம்பெங்கும்
பச்சைப் புள்ளிகள், அழுத்தமாய், அணையாமல்.
கத்தியே விட்டேன்.

அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த ருக்சானா
வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு,
“இந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்றாள்.

லேசரை அணைத்தேன்.
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை ஏட்டில்.
பதினான்கு: நிலையாக உள்ளது,
என்று எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.