பதினொரு பெயர்

கதவுப் பலகையில் 'மாணவர் ஆலோனைப் பிரிவு'.
உள்ளே ஒரு தாள் தந்தார்கள்:
பதினொரு பெயர், பதினொரு தொலைபேசி இலக்கம்.
"முதலாம் வருடப் பிள்ளைகள். பார்த்துக்கொள்ளுங்கோ."
எதைப் பார்ப்பது என்று தாளில் இல்லை.
இரசாயனவியலை நானே திரும்ப எழுத இருப்பதும்
தாளில் இல்லை.

முதல் கிழமை எல்லாரும் வந்தார்கள்.
நூலக அட்டை கொடுக்கும் யன்னல்,
பன்னிரண்டரைக்குள் போகாவிட்டால்
பருப்பு மட்டும் மிஞ்சும் கன்ரீன்,
தும்முல்லையில் இறங்க மறந்தால்
மகரகம வரை இழுத்துப் போகும் 138,
எல்லாம் காட்டினேன்.
கிண்ணியா இஹ்ஸான் கொப்பியில் குறித்துக்கொண்டான்.
பேசாலை ஸ்ரெலாவுக்குக் கால் வலித்தது.
பொகவந்தலாவை அனுஷ்டிகா மட்டும்
ஒவ்வொரு கதவிலும் நின்று
மூன்று மொழியும் வாசித்தாள்.
"அக்கா, இதுல 'ச' இல்ல."
ஒரு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே
போய் வருகிறேன். அன்றுதான் கண்டேன்.

மூன்றாம் கிழமை
வரவுத்தாளில் அவள் பெயருக்கு நேரே வெறுமை.
எடுத்தேன், எடுக்கவில்லை.
இரவு பதினொன்றுக்கு ஒரு செய்தி:
'நான் ஓகே அக்கா.'
அந்த ஓகேயை எனக்குத் தெரியும்.
போன வருடம் அம்மாவுக்கு
நாளுக்கு இரண்டு அனுப்பினேன்.

பிறகொரு காலை, தும்முல்லைத் தரிப்பில்,
138இன் யன்னலோரம் அவள்.
தலை வாரி, பை மடியில், கொப்பி பைக்குள்.
கை காட்டினேன். இறங்கவில்லை.
நான் ஏறினேன்.

திம்பிரிகஸ்யாய தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.
"ஒரு சொல்லப் பிடிக்கிறதுக்குள்ள
சேர் ஏழு சொல் தாண்டிப் போயிர்றாரு அக்கா.
போர்டிங்ல இருந்தா ஆன்ட்டி கேப்பாங்க.
அதான் மகரகம போயிட்டு, திரும்பி..."
எத்தனை நாளாய்?
"ஒம்பது."

இதற்கான பதில்
பயிற்சிக் கைநூலின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது.
கைநூல் அறையில் இருந்தது.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"கெமிஸ்ட்ரியில் எனக்கு முப்பத்திரண்டு."
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.
"நூத்துக்கா?"
"நூற்றுக்கு."
அவள் சிரித்த சிரிப்பில்
கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.
நுகேகொடையில் இறங்கி, தெருவைக் கடந்து,
எதிர்ப்பக்க 138 பிடித்தோம்.

புதன்கிழமை நாலு மணி,
கன்ரீனுக்குப் பின்னால் ஆடும் மேசை.
ஆட்டத்தை நிறுத்த மடித்து வைத்தது
அந்தக் கைநூலைத்தான்.
ஹிருணி விரிவுரையைப் பதிந்து கொண்டுவருவாள்,
தனக்கும் பாதிதான் புரிந்தது என்று
சிங்களத்தில் ஒத்துக்கொள்வாள்.
ஒரு நாள் அந்தப் பதிவை நிறுத்தச் சொல்லி
அனுஷ்டிகா கத்தினாள்:
"அட, இது எந்திரப்பி!"
உயர்தரத்தில் அவள் கரைத்துக் குடித்த எந்திரப்பி
இங்கே வேறு சட்டையில்
தெரியாதவன்போல் நின்றிருக்கிறது.
அன்று அவள் தமிழில் விளக்க,
இஹ்ஸான் சிங்களத்தில் மாற்ற,
முப்பத்திரண்டு எடுத்த நான்
வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

எல்லாரையும் பிடித்து வைக்க முடியவில்லை.
பொத்துவில் சர்ஜூன் ஐந்தாம் கிழமை போனான்.
நான்கு தரம் எடுத்தேன்.
மாசியில், கட்டார் இலக்கமொன்றிலிருந்து
'அக்கா சுகமா?' என்று மட்டும் வந்தது.
தாளில் அவன் பெயரை வெட்டச் சொன்னார்கள்.
இன்னும் வெட்டவில்லை.

என் மறுபரீட்சை முடிவு வரவில்லை.
ஆனால் திங்கட்கிழமை
கதவுப் பலகையில்,
'லோ'வுக்கும் 'னை'க்கும் நடுவே,
கறுப்பு மார்க்கரில்,
இடம் போதாமல் தோளைச் சுருக்கிக்கொண்டு
ஒரு குட்டிச் 'ச'.

யார் செய்தது என்று அலுவலகம் கேட்டது.
என் பதினொருவரில் யாருக்கும் தெரியாது.
எனக்கும் தெரியாது.
மார்க்கர் என்னுடையது.