முட்டைக் கணக்கு

பாலக்கோட்டில் எந்த அரசுப் பள்ளி நல்ல பள்ளி என்று
என்னைத்தான் கேட்கிறார்கள்,
டீக்கடையில், தக்காளி மண்டி வாசலில்,
ஒருமுறை டயருக்குக் காற்று பிடிக்கும்போதுகூட.
வாரம் மூன்று நாள்
எல்லாப் பள்ளிக்குள்ளும் போய்வருகிற ஆள் நான்தானே.
நாமக்கல் முட்டை, அட்டைக்கு முப்பது.
எனக்குத் தெரிந்தது சமையற்கட்டு வரைக்கும்தான்.

ரோட்டுமேல் இருக்கிற பெரிய பள்ளிக்குப் பதினாலு அட்டை.
எண்ணாமலே கையெழுத்துப் போடுவார்கள்.
காம்பவுண்டு முழுக்க பேனர்,
நானூற்று எண்பத்தொன்று, நானூற்று எழுபத்தாறு,
மார்க்குக்குப் பக்கத்தில் சிரிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள்.

சர்க்கரை மில் பக்கத்துப் பள்ளிக்கு ஆறு.
அரவை ஓடும் மாதங்களில்
நோட்டுப் புத்தகத்தில்கூடப் பாகு வாடை.
மாதம்மா ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்,
மிதந்தால் என் முகத்தைப் பார்ப்பார்.
கணக்கு வாத்தியார் மாற்றலாகி இரண்டு வருடம்.
தமிழய்யாதான் பின்னம் நடத்துகிறார்,
அரை கால் அரைக்கால் என்று எதுகையோடு.
மோசமில்லை என்கிறார்கள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி.
ஒரே அட்டை, அதிலும் ஏழு குழி காலி.
ரயில் கடக்கும்வரை பாடம் நிற்கும்.
கடைசிப் பெட்டி போனதும்
விட்ட சொல்லிலிருந்து எடுப்பார் தீர்த்தகிரி சார்.

இந்தப் பங்குனியில் கேள்வி என் வீட்டுக்கே வந்தது.
கௌசிகா ஐந்தாவது முடிக்கப் போகிறாள்.
சரளா காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு கிழித்தாள்:
ரிசல்ட், தூரம், டீச்சர்.
அவள் அக்கா வீட்டுக்காரர்,
வேன் வைத்து மகனை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்புகிறவர்,
மூன்றும் ஒரே குட்டையில் ஊறின மட்டை என்றார்.
எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.
பதினொரு வருடம் அந்தப் படிகளில் உடையாமல் இறக்கியிருக்கிறேன்,
அதனால் இருக்கலாம்.

கௌசிகா பென்சில் சீவிக்கொண்டே கேட்டாள்:
"எந்த ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பா இருக்குப்பா?"

சாயங்காலம் செருப்பைக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடுவாள்.
பாட்டில் தண்ணீர் காலையில் நிரப்பியபடியே திரும்பி வரும்.
ஐந்து வருடமாக அதை
நான் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மாதம்மாவிடம் கேட்டேன்.
குண்டானிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தார்.
"இத்தன வருசத்துல இப்பத்தான் ஒரு கேள்வி கேட்டிருக்க.
ஒண்ணுல இருக்கு, ரெண்டுல இல்ல.
இருக்கிறதுல தண்ணி வராது."

பெரிய பள்ளி வாட்ச்மேன்
அது பொம்பளப் பிள்ளைங்க பக்கம், நமக்கென்ன தெரியும் என்றார்.

தீர்த்தகிரி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
ரயில் எதுவும் வரவில்லை, ஆனாலும் அப்படி நின்றார்.
"கதவு போன மழைக்கு உப்பிப்போச்சுங்க. சாத்தினா திறக்கல.
ஒருத்தி உள்ள போனா
இன்னொருத்தி வெளிய முதுகு காட்டி நிக்கிறா.
எழுதிப் போட்டிருக்கேன்."
எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.

சரளா நான்காவதாக ஒரு கோடு கிழித்தாள்.
தலைப்பு எழுதவில்லை.
அதன் கீழே ஒரு அரை, இரண்டு முட்டை.

இன்னும் முடிவாகவில்லை.
இன்று புதன், லோடு நாள்.
அட்டைகளுக்கு நடுவே
ஆறங்குலத் தாழ்ப்பாள் நாலு, திருகாணி ஒரு பொட்டலம்,
இரவல் வாங்கிய டிரில் மெஷின், ஒரு இழைப்புளி.
சலானில் இதற்கெல்லாம் வரி இல்லை,
யார் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் தெரியவில்லை.
எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று டீக்கடையில் யாரோ கேட்கிறார்.
எதில் முதலில் இறக்குவது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.