ஒரு இருபதும் ஓர் அரையும்

டாக்டர் வெலிச்கோவா
பத்து மில்லிகிராமில் தொடங்கினார்.
ராட்கா மூன்று வாரம் தூங்கவில்லை.
இரவு இரண்டு மணிக்கு அடுப்பைத் துடைத்தாள்,
துடைத்த அடுப்பையே மறுபடி.
பொறுங்கள் என்றார் டாக்டர்.
பொறுத்தோம்.
மரீட்சா ஆற்றில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது.

இருபது.
எழுந்தாள், தலை வாரினாள்.
ப்ளோவ்டிவ் தபால் நிலையத்தில்
மாலைவரை முத்திரை குத்தினாள்.
வந்து, கோட்டைக் கழற்றாமலே
கட்டிலில் சாய்ந்தாள்.

நாற்பதில் அழுகை நின்றது.
எல்லாமே நின்றது.
அண்ணன் ஸ்பாஸைக் குழிக்குள் இறக்கும்போது
என் காதருகே சொன்னாள்:
"வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது."
அவள் அழுத நாட்களில்கூட
நான் அப்படிப் பயந்ததில்லை.

பிறகு முப்பது.
அந்த அளவில் எங்கள் மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது.
ஒரு இருபதும் ஓர் அரையும்.
சீஸ் கத்தியால் நான்தான் வெட்டுவேன்.
ஒருநாளும் சரிபாதியாக விழுந்ததில்லை,
இன்றைக்குப் பெரிய துண்டு, நாளைக்குச் சின்னது.
சிதறிய பொடியை விரல்நுனியில் ஒற்றி
அவள் நாக்கில் வைப்பேன்,
சரியான அளவு என்று ஒன்று
எங்கோ இருப்பதாக நம்பி.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை.
பீன்ஸ் சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தவள்
முகம் சுளித்தாள்.
"உப்பே இல்லை.
பதினெட்டு வருஷமாய்ச் சமைக்கிறாய்,
இன்னுமா கை அளவு பிடிபடவில்லை?"

உப்பு ஜாடியை எடுக்கப் போனவன்
ஜாடியைப் பிடித்தபடி
அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்ன,
சோபியாவுக்கே போய்விட்டாயா உப்பு வாங்க?"